கிளியின் வாக்கியமும் மனிதரின் பொறுப்பும்

சமய நூல் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து, அதைப் பாட்காஸ்டாக, அதாவது இணையத்தின் வழியே வேண்டும்போது கேட்கத்தக்க ஒலித்தொடராக, மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவிவரும் இக்காலத்தில், அவ்வொலியைக் கேட்பது உபதேசம் கேட்பதற்கு நிகராகுமா என்னும் வினா எழுகிறது. குரலின் இனிமையையோ உச்சரிப்பின் திருத்தத்தையோ அளந்து இவ்வினாவுக்கு விடை காண இயலாது. சொல்லப்பட்டதை நம்புவதற்குரிய தகுதி சொல்லுக்கு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. பேச்சு ஏடாகவும் ஏடு மீண்டும் பேச்சாகவும் மாறிய வரலாற்றை உடைய திருவரங்கம், இவ்வாராய்ச்சிக்கு நல்ல சான்றுகளைத் தருகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை என்னும் ஆசாரியர் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்து வந்தார். பகலில் கேட்டதை அவருடைய மாணவராகிய வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார் என்றும், அதைக் கண்ட நம்பிள்ளை அதன் நிறைவை வியந்தபோதிலும், தம் அனுமதியின்றி எழுதப்பட்டதால் ஏட்டை வாங்கிக்கொண்டு ஈயுண்ணி மாதவப் பெருமாள் என்பவரிடம் ஒப்படைத்தார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறுகிறது. ஈடு முப்பத்தாறாயிரப்படி என வழங்கும் அவ்வுரை, ஓர் ஆசிரியரிடமிருந்து ஒரு மாணவருக்கு மட்டுமே செல்லும் ஓராண்வழி முறையில் கைமாறிவந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவரங்கம் கோயிலில் ஓராண்டுக் காலம் விரித்துரைத்தபோது பலரும் கேட்கும் பேச்சாக மீண்டது.

நம்பிள்ளை எழுத்துக்குப் பகைவர் அல்லர். அதே திருவாய்மொழிக்கு உரை எழுதுமாறு பெரியவாச்சான் பிள்ளையைப் பணித்தவரும் அவரே. அவரது இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் இதனுடன் சேர்த்து நோக்கவேண்டும். தம் ஆசிரியர் நஞ்சீயர் படியெடுக்கக் கொடுத்த உரையேட்டை அவர் காவிரி வெள்ளத்தில் இழந்து, கேட்டறிந்ததைக் கொண்டே முழுவதையும் மறுபடி எழுதினார். சில இடங்களில் மூலத்தில் இல்லாத பொருள்நயங்கள் இருப்பதைக் கண்டு நஞ்சீயர் வினவியபோது நடந்ததைச் சொல்லி, அவருடைய மகிழ்ச்சிக்கே உரியவரானார். மூலத்திலிருந்து வேறுபட்ட படி ஏற்கப்பட்டதும், குறைவற்ற படி தடுக்கப்பட்டதும் முரண்போலத் தோன்றினாலும், இரண்டிலும் நின்ற அளவுகோல் ஒன்றே. நகலின் துல்லியம் மட்டும் போதாது. அதை வெளியிடுபவர் உரியவர் முன் நின்று அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கவேண்டும் என்பதே அது.

இன்றைய கருவிகள் செய்யும் வேலையை இவ்வளவுகோலால் நோக்குமுன், அது இருவகைப்பட்டது என்பதைத் தெளிவாக்கவேண்டும். எழுதியதை எழுதியவாறே இயந்திரக் குரலில் வாசித்தல் ஒருவகை. எழுதியதைச் சுருக்கி, அதிலிருந்து புதிய உரையாடல் ஒன்றை இயற்றி, அதற்குக் குரல் கொடுத்தல் மற்றொரு வகை. கூகுள் நிறுவனத்தின் நோட்புக்எல்எம் என்னும் கருவி இரண்டாம் வகைக்குரிய வசதியை 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்தி, 2025 ஏப்ரலில் தமிழ் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கியது. இம்முறையில் இரு குரல்கள் தம்முள் வினவியும் விடையிறுத்தும் நூற்பொருளை விளக்குகின்றன. ஆனால் முப்பத்தாறாயிரப்படி என்பது முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட கிரந்தம் என்னும் அளவால் 36,000 கிரந்தங்கள், அதாவது பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் உடையது. அது சில நிமிட உரையாடலாகும்போது எவை விடப்படவேண்டும் என்பதைக் கருவியே முடிவுசெய்கிறது. பழைய ஆசாரியர்கள் தம்முள் கேட்டதும் சொன்னதுமாகிய ஐதிகங்கள், கிளைச்செய்தி என்று முதலில் கழிக்கப்படக்கூடியவை. உரையின் உயிரோ பெரும்பாலும் அவற்றில்தான் உள்ளது. மேலும், ஈட்டில் பதிவான கேள்விகள் அறியாதவர் அறிய விரும்பிக் கேட்டவை. கருவியின் உரையாடலிலோ கேட்கும் குரலுக்கு ஐயமும் இல்லை, விடை சொல்லும் குரலுக்குத் தெளிவும் இல்லை.

இந்திய மெய்யியல் மரபு இந்நிலையை முன்பே வேறு வடிவில் ஆராய்ந்திருக்கிறது. வேத உச்சரிப்பை வரையறுக்கும் பாணினீய சிட்சை, தாழ்ந்த ஓதுவோர் அறுவருள் ஏட்டைப் பார்த்து ஓதுபவரையும் பொருள் அறியாது ஓதுபவரையும் சேர்க்கிறது. இயந்திரம் இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே உடையது. நியாய சாத்திரம் சொல்லை அறிவுக்குரிய பிரமாணங்களுள் ஒன்றாக ஏற்று, அது ஆப்தனின் உபதேசம் என்று வரையறுக்கிறது. பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறருக்கு உணர்த்த விரும்புபவரே ஆப்தர். இவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்று வாத்சியாயனரின் உரை விளக்குவதால், பிறப்போ மொழியோ இதில் தடையாகாது. எனினும் அறிதலும் உணர்த்த விரும்புதலும் இல்லாத ஒன்று, எவ்வளவு செம்மையாகப் பேசினாலும், இவ்விலக்கணத்துள் அடங்காது.

அப்படியாயின் இயந்திரம் சொல்வதிலிருந்து அறிவே பிறவாதோ என்றால், பிறக்கும். விசுவநாத நியாயபஞ்சானனர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய நியாயசித்தாந்த முக்தாவலி இதையொத்த சிக்கலைக் கிளியின் வாக்கியத்தைக் கொண்டு ஆராய்கிறது. வாக்கியப் பொருளை அறிவதற்குப் பேசுபவரின் தாற்பரியத்தை, அதாவது இன்னதை உணர்த்தவேண்டும் என்னும் கருத்தை, அறிவதும் காரணமாகும். கிளிக்கோ அத்தகைய கருத்து இல்லை. ஆயினும் கிளி சொல்வதைக் கேட்பவருக்குப் பொருள் விளங்குகிறது. ஆகவே மெய்யான கிளிவாக்கியத்துக்கு ஈசுவரனின் தாற்பரியத்தையும், பொய்யான கிளிவாக்கியத்துக்குக் கற்பித்தவரின் தாற்பரியத்தையும் அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பது அந்நூலின் முடிவு. மெய்க்கு இறைவனைக் காரணமாகக் கொள்வதை ஏற்காதவருக்கும், பிழைக்குக் கிளியைக் குற்றம் சாட்டாமல் கற்பித்தவரைத் தேடும் நியாயத்தை ஏற்பதில் தடையில்லை. கருவி பிழையாகச் சொல்லிவிட்டது என்று கூறி, அதை இயக்கி ஒலியை வெளியிட்டவர் ஒதுங்கிக்கொள்ளும் வழியை இம்முடிவு அடைத்துவிடுகிறது.

இதனால் இக்கருவிகளை விலக்கவேண்டும் என்பது பெறப்படாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியில், கிழக்கே பச்சைமலையும் மேற்கே கொல்லிமலையும் சூழத் துறையூர் வட்டத்தில் அமைந்த உப்பிலியபுரம் போன்ற ஊரில் வாழ்பவர், வயல்வேலையை விட்டுத் திருவரங்கத்துக்கு நாள்தோறும் சென்று காலட்சேபம் என்னும் உரைவிளக்கத்தைக் கேட்பது அரிது. வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்த ஈட்டைத் தாமே படித்துப் பொருள் கொள்வதோ அதனினும் அரிது. பார்வை குன்றிய முதியோருக்கு ஒலியே நூலாகிறது. திருக்கோட்டியூரில் ஆசிரியரின் தடையை மீறி மறைபொருளைப் பலரும் அறிய வெளியிட்ட இராமானுசரின் செயலை இங்கு முன்மாதிரியாகக் காட்டுவோர், அம்மீறலால் வரும் நரகம் தமக்கே வருக என்று அவர் பொறுப்பேற்றதையும் சேர்த்தே கொள்ளவேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை சில. திருவரங்கத்து அரையர் சேவையில் பாசுரமும் அபிநயமும் தம்பிரான்படி என்னும் விளக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே நிகழ்வதைப்போல, பாட்காஸ்டிலும் மூலம் எது, உரையாசிரியர் கூற்று எது, கருவி இயற்றியது எது என்பது கேட்பவருக்கு விளங்கவேண்டும். பாசுரங்களை ஓதக் கற்றவரே ஓதிப் பதிவுசெய்யவேண்டும். ஒலி முழுவதையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவரின் பெயர் ஒவ்வொரு பகுதியிலும் சொல்லப்படுவதோடு, கேட்பவரின் ஐயத்துக்கு அவர் விடை கூறும் வழியும் இருக்கவேண்டும். இவ்வாறு பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருக்கும்வரை கருவியின் ஒலி உபதேசத்துக்குத் துணையாகும். அத்தகையவர் இல்லாத ஒலி, எத்துணைப் பெரிய நூலிலிருந்து பிறந்ததாயினும், கிளியின் வாக்கியமே ஆகும்.