யார் வாயைத் திருத்துகிறோம்?

'இப்பல்லாம் வாயத் தொறக்கவே பயமாயிருக்கு சார், எதச் சொன்னாலும் தப்புங்கறாங்க' என்று ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பேராசிரியர் ஒருவர் அலுத்துக்கொண்டார். அரசியல் சரித்தன்மை பொது விவாதத்தையே கொன்றுவிட்டதாம். எந்த விவாதத்தை? ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏவல் நடந்தது, ஏச்சு நடந்தது. விவாதம் என்றைக்கு நடந்தது? ஏசுகிற உரிமையில் லேசாகக் கைவைத்ததும் அதற்குக் கருத்துரிமை என்று பேர் வந்துவிட்டது. அதுவும் முழுசாகப் போய்விடவில்லை. ஊர்வாயில் 'பி.சி.ஆர்.' என்று புழங்கும் 1989ஆம் வருஷத்துச் சட்டம், இழிபேச்சைப் பொறுத்தவரை, பொதுப்பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால்தான் குற்றம் என்கிறது. நாலு சுவருக்குள் வெளிச்சாட்சி இல்லாமல் திட்டினால் அந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. ஆக, வீட்டுக்குள் பேச்சு பத்திரமாகவே இருக்கிறது.

சொல்லுக்காக நாம் சண்டை போடுவது இன்று நேற்றல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பேரே வேண்டாம், நாம் பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்பதை ஏற்றது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' வேண்டாமென்று உதறினோம். 1982இல் மத்திய அரசே அதைப் பயன்படுத்தாதீர் என்றது. நாமே எடுத்துக்கொண்ட 'தலித்'தைத் தவிர்க்கும்படி 2018இல் ஒன்றிய அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது.

இதையெல்லாம் மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுவேன். சொல்லக் கூச்சமாயிருப்பது வேறொன்று.

1892இல் வெள்ளைக்கார அரசு கொடுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்று கேட்டு எழுத, ஒரு காலனியில் கூட்டம் போட்டிருந்தோம். எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒரு கிழவி எழுந்தார். 'பறச்சிதானே, இவளுக்கு இன்னா தெரியும்னு ரெண்டு மூட்ட கேவுரு குடுத்துட்டு கைநாட்டு வாங்கிக்கினான்...' நான் குறுக்கே விழுந்தேன். 'பெரியம்மா, அந்தச் சொல்லு வேணாம். தலித் பெண்ணுன்னு சொல்லுங்க.' எம்.ஏ. தமிழ் படித்த திமிர். மாணவர்கள் கைதட்டினார்கள். 'இன்னாது?' என்றவர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கேவுரு கொடுத்தவன் பேரும் நிலத்தின் சர்வே நம்பரும் எங்கள் அறிக்கையில் ஏறவேயில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கொல்லைக்கு அடையாளம் சொல்லும்போது 'சக்கிலி வூட்டுக்குப் பின்னால' என்று பெரியம்மா சொன்னாராம். அருந்ததியர் தோழர் ஒருவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர்தான் சொன்னார். என் காதில் அது விழவேயில்லை. என்னைச் சுட்ட சொல்லுக்குத்தான் நான் பாய்ந்திருக்கிறேன். பெரியம்மா தன்னைப் பற்றிச் சொன்னதை விட்டிருக்கவேண்டும், அந்தத் தோழரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும், அதுவும் அவர் பேசி முடித்தபிறகு, தோழரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. செய்ததோ நேர்த் தலைகீழ்.

அடுத்த கூட்டத்துக்கு நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: 'நீங்க பேசுங்க தம்பி. எனக்கு அதெல்லாம் சரியா பேச வராது.' அதுவரைக்கும் என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.