மாலை வேண்டாம், படம் போடுங்கள்

தர்மசேன பத்திராஜ என்றதும் எங்கள் கிருலப்பனைப் பக்கம் அவருடைய ‘பம்பரு எவித்’ படம் பற்றித்தான் பேச்செழும். 2018இல் காலமான அந்தச் சிங்கள இயக்குநர், எழுபதுகளில் யாழ்ப்பாணம் போய், காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படமும் எடுத்தார். சீதனமில்லாமல் அக்காமார் கலியாணம் தள்ளிப்போகும் வீடு. தங்கைக்கோ சாதி மாறிய காதல். ஈழத்துத் தமிழருக்குத் திரையில் அவர்களுடைய முகத்தையே கொடுத்த படம் ஓடவில்லை. இந்தியப் படங்களில் ஊறிப்போன நமக்கும் அதில் பங்குண்டு, மறைப்பானேன்? பத்திராஜவுக்கு மரியாதை செய்ய விரும்புவோர், ஒரு மண்டபம் பிடித்து, சிங்கள உபதலைப்புகளோடு ‘பொன்மணி’யைப் போடட்டும். கிருலப்பனையில் இரண்டு மொழிக்காரரும் இருக்கிறோம், கதிரைகள் நிறையும்.