ஊர்ப்பற்றும் ஊர்க்கடனும்

பெரும்புயலால் அழிந்த ஊரைவிட்டு அகன்றோர் மீண்டும் அவ்வூருக்கே செல்ல விழைதல் பற்றின் பாற்படுமோ, கடமையின் பாற்படுமோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். மண்ணும் மனையும் மமகாரத்துக்கு இடமாவன. அவை அழிந்த பின்னும் அவற்றை நாடி ஓடுதல் அறிவுடைமையன்று என்பர் ஒருசாரார். கேட்பதற்கு நன்றாகிய இக்கூற்றை நிகழ்ந்ததொன்றன்மேல் வைத்துச் சீர்தூக்குதல் வேண்டும்.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்க நாட்டின் லூசியானா மாகாணத்தைத் தாக்கியது. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய சுவர்கள் பலவிடத்தும் உடைய, ஐந்தில் நான்கு பங்கு நீருள் ஆழ்ந்தது. சுவர்களின் அமைப்பிற் குற்றமிருந்ததை அவற்றைக் கட்டிய படைப் பொறியாளர் துறையே 2006-இல் ஒப்புக்கொண்டது. ஆதலின் இவ்வழிவு முழுவதையும் ஊழின்மேல் ஏற்றி அமைதல் பொருந்தாது.

திரும்பி வந்தோர் தம் மனைமுகப்பிற் கண்டது ஒரு பெருக்கற்குறி. தேடுதற் குழுவினர் அதனை வண்ணத்தால் இட்டு, அதன் புறங்களில், தேடிய நாளும் குழுவின் அடையாளமும் உள்ளிருக்கும் இடரும் கண்ட பிணங்களின் தொகையும் குறித்துச் சென்றிருந்தனர். மனையைச் செப்பனிட்ட பின்னும் சிலர் அக்குறியை அழியாது வைத்துக்கொண்டனர். உடைமைப்பற்று ஒன்றே அவரை ஈர்த்ததாயின், இழப்பின் அடையாளத்தைப் போற்றி வைப்பரோ?

இனி, ஊருக்கு மீளுதல் ஒரு குடும்பம் தனித்து முடிக்கும் செயலன்று. பள்ளி திறவாதவழி மக்களைப் பெற்றோர் வாரார். அவர் வாராதவழிப் பள்ளி திறவாது. அயலான் வரவை இவன் நோக்கியிருக்க, இவன் வரவை அவன் நோக்கியிருப்பான். நகரின் கிழக்கெல்லையில் வாழ்ந்த வியத்நாமியக் கத்தோலிக்கர் இம்முடிச்சை அவிழ்த்த வகை குறிப்பிடத்தக்கது. அவருட் பலர் 1954-இல் வடவியத்நாமினின்று தெற்கே பெயர்ந்து, 1975-இல் நாட்டையே துறந்து வந்தவர். அவர்கள் 2005 அக்டோபரிலேயே தம் கோயிலில் வழிபாட்டிற்குக் கூடினர். மின்சாரம் வேண்டின், மீண்டுவந்தோர் போதிய அளவினர் எனக் காட்டுக என்றபோது, பங்குக்குருவானவர் பெயர்களைத் திரட்டிக் கொடுத்தார். இருமுறை ஊரிழந்தார்க்கு அயலார் வருகை தம் வருகையோடு பிணைந்தது என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை போலும். இத்தகைய மீட்சியை 'எனது' என்னும் பற்றோடு ஒருங்கெண்ணுதல் ஆகாது. பிறர் வாழ்தற்குத் தான் துணையாதல் கடனேயாம்.

அங்ஙனமாயின் வாராதோர் கடன் தவறியவரோ எனின், அன்று. 2000-இல் 4,84,674 ஆக இருந்த நகரின் குடித்தொகை 2010-இல் 3,43,829 ஆயிற்று. வர விழைந்தும் வரமாட்டாதார் பலர். மாகாணம் அளித்த வீட்டுதவி, புயலுக்கு முன்னிருந்த மனைவிலை, செப்பனிடுஞ்செலவு என்னும் இரண்டனுள் குறைந்ததைக்கொண்டே முதலில் அளக்கப்பட்டது. ஒத்த அளவினவாய் ஒருபடியே சிதைந்த இருவீடுகளுள், விலைமலிந்த பகுதியிலுள்ளது சிறுதொகையே பெறும். அத்தகைய பகுதிகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தார். இதுபற்றி 2008-இல் தொடுத்த வழக்கு 2011-இல் உடன்பாட்டில் முடிந்தது. பற்றை விடுக என்னும் உபதேசத்தை மனையிழந்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுதல் துறவாகலாம். கரையைப் பழுதுறக் கட்டினாரும் பொருளைக் குறைத்தளந்தாரும் அவனுக்கு அதனைச் சொல்லுதற்கு என்ன உரிமை உடையர்?

தொழிற்கால்வாயின் சுவர் உடைந்து வீடுகளை அடியோடு பெயர்த்த கீழ் ஒன்பதாம் வட்டத்தில், புல் மண்டிய வெற்றுமனைகள் இன்றும் பல. புயலுக்குப் பின் நெடுங்காலம் அவற்றுட் சிலவற்றில் வாயிற்படிகள் மாத்திரம் நின்றன. ஏறிச் செல்லுதற்கு வீடில்லை.