கறுப்பு மையில் ஒரு சாம்பல்

மங்கா பக்கத்தில் இருப்பது இரண்டே நிறம். மை பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை. ஆனாலும் நாயகியின் பாவாடை சாம்பலாகத் தெரியும், மாலை வானம் மெல்ல மங்கிக்கொண்டே போகும். எல்லாம் புள்ளி. முன்பெல்லாம் ஜப்பானில் புள்ளி அச்சிட்ட பசைத்தாளைக் கத்தியால் வெட்டி ஒட்டி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் சுரண்டி எடுப்பார்கள். இப்போது கிளிப் ஸ்டூடியோ பெயிண்டில் 60 லைன், 20 சதவீதம் என்று கொடுத்தால் லேயர் முழுக்கப் புள்ளி விழுந்துவிடுகிறது.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்குச் செப்பரேஷன் போட்டு பிலிம் எடுத்துக் கொடுப்பவள் நான். ராத்திரியில் சொந்தமாக ஒரு மங்கா வரைந்து பழகுகிறேன். பனியனில் ஹாஃப்டோன், மங்காவில் டோன், சங்கதி ஒன்றுதான். லென்ஸை வைத்துப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரிண்டிங் மாஸ்டர் அண்ணனுக்குப் பொறுக்காது. “கிட்ட வெச்சா என்னுங்க அம்மிணி தெரியும்? நாலடி தள்ளி நின்னு பாருங்க” என்பார்.

லென்ஸுக்குள் சாம்பல் இல்லை. நாலடியில் இருக்கிறது. எது மெய்?

சாம்பல் மையே வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று கேட்கலாம். அந்த மையும் கறுப்புப் பொடியும் வெள்ளைப் பொடியும் கலந்ததுதான். மானிட்டரில் நிரப்பும் சாம்பலிலும் லென்ஸை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம்தான் தெரியும். எங்கே போனாலும் இதே கதை.

சாம்பல் வெறும் தோற்றம் என்று காட்ட அத்வைதிகள் உடனே கயிற்றைப் பாம்பென்று கண்டவனைக் கூப்பிடுவார்கள். அவன் இங்கே உதவமாட்டான். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும், திரும்ப வராது. சாம்பலோ, வெறும் புள்ளிதான் என்று தெரிந்த பிறகும் நாலடி பின்வாங்கினால் மறுபடி வந்து நிற்கிறது. அத்வைதிகள் இதையும் யோசித்துவிட்டார்கள். கானல் நீர் என்பார்கள். நீரில்லை என்று அறிந்தவனுக்கும் அது பளபளக்கும். ஆனால் கானல் நீரில் துணி அலச முடியாது. என் சாம்பல் அப்படியில்லை. அதை நம்பித்தான் ஆர்டர் வருகிறது.

7ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி மெய்க்கு ஓர் அளவுகோல் வைத்தார்: எது காரியம் செய்ய வல்லதோ அதுவே உள்ளது. தொழில் ஊருக்குப் பிடித்துப்போகும் அளவுகோல். மோயரை இதில் வைத்துப் பாருங்கள். 45 லைன் புள்ளிக்கு சென்டிமீட்டருக்கு 90 இழை மெஷ் போடுவோம், புள்ளியின் கோணத்தை 22.5 டிகிரிக்குத் திருப்புவோம். இது தப்பினால் பிரிண்டில் அலையலையாக ஒரு கோலம் எழும், அதுதான் மோயர். பிலிமில் அது கிடையாது, மெஷ்ஷிலும் கிடையாது. இரண்டு வரிசையும் குற்றமற்றவை. போதாததற்கு பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியின் கண்ணி வரிசை மூன்றாவதாக வந்து சேரும். யாரும் வரையாத இந்தக் கோலம் வெறும் தோற்றம் என்று பையரிடம் சொல்லிப் பாருங்கள். டெபிட் நோட் வெறும் தோற்றமாக வராது.

விவகாரம் இத்தோடு முடியவில்லை. விஷம் ஏறிவிட்டதோ என்ற சந்தேகமே சாவுக்குக் காரணமாவதை பிரம்மசூத்திர பாஷ்யத்தில் அத்வைத ஆசான் சங்கரர் எடுத்துக்காட்டுகிறார். பொய்யும் காரியம் செய்யும் என்று ஆகிறது. தர்மகீர்த்தியும் மோயருக்காக வாதாட வரமாட்டார். காரியம் செய்தவை தனித்தனிப் புள்ளிகள், சேர்த்துப் பார்த்தது உன் மனம் என்பார்.

இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. பயத்தில் கண்ட பாம்பு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவனுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. 20 சதவீத டோன் யார் பார்த்தாலும் 40 சதவீதத்தைவிட வெளுப்பு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மோயரைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார். கேமராவுக்குப் பயமும் இல்லை, சேர்த்துப் பார்க்க மனமும் இல்லை. ஆக, சாம்பல் தனிப் புள்ளியில் இல்லாவிட்டாலும் பார்ப்பவர் கற்பித்ததும் அல்ல. புள்ளியின் அடர்த்தியும் பார்க்கும் தூரமும் கூடினால் அது உண்டாகிறது. கூடிப் பிறந்தது என்பதற்காக அதை அரைமெய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெய்கண்டார் வழி வந்த சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது இல்லாத பொருள் அல்ல. உலகம் உருவாவதற்கான முதற்காரணம், உள்பொருள். சங்கரரின் நுட்பம் அதில் குறைவு என்று படித்தவர்கள் சொல்லலாம். புள்ளி வைத்துப் பிழைக்கும் எனக்கு அதுதான் ஒத்துவருகிறது. மங்கா பக்கத்தை 600 டிபிஐயில் வரைந்து போனுக்குச் சுருக்கினால் அங்கேயும் மோயர் வருகிறது. கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று தள்ளிவிட முடியாது. சுருக்கிய பிறகு டோனைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.