கண்டி உடன்படிக்கையும் அரசுரிமையும்

கண்டிமாநகரிலே, தலதா மாளிகையின் அயலில், மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபம் இன்றும் நிற்கின்றது. 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாள் அம்மண்டபத்திலே ஓர் அரசன் பத்திரம் ஒன்றினால் முடி நீக்கப்பட்டான். ஆசிரியர்களாகிய நாம் அதனை ஓர் ஆண்டுக்குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடல் எளிது. ஆயின், அரசனுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகின்றது, அஃது எப்போது அவனை விட்டு நீங்குகின்றது என்னும் வினா அப்பத்திரத்துள்ளே கிடக்கின்றது.

ஆங்கில நாட்டு உள்நாட்டுப் போரின் அழிவைக் கண்ட ஹொப்ஸ் என்பார், மக்கள் அச்சம் நீங்கி வாழ்தற்பொருட்டுத் தம்முள் உடன்பட்டு, தம் உரிமையை ஒரு தலைமையிடத்து ஒப்புவித்தனர் என 1651 இல் எழுதினார். அத்தலைமை அவ்வுடன்படிக்கையிற் கட்டுண்டதன்று. ஆதலின் அதனை மீறிற்று என்றற்கும் இடமில்லை. பின்வந்த லொக் என்பார், அரசு மக்கள் நம்பி அளித்த பொறுப்பே என்றும், அந்நம்பிக்கை கெட்டவழி அதிகாரம் மக்களிடமே மீளும் என்றும் கொண்டார். 1689 இல் ஆங்கிலப் பொதுமக்கள் சபையும், இரண்டாம் யேம்சு மன்னன் குடிகளோடுள்ள மூல ஒப்பந்தத்தை முறித்தான் எனத் தீர்மானித்தது.

கண்டிப் பத்திரமும் இம்மொழியே பேசுகின்றது. ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் அரசனுக்குரிய தலையாய கடமைகளை இடையறாது மீறினமையால் அரசுரிமை இழந்தான் என்பது அதன் இரண்டாம் பிரிவின் கருத்து. அவன் கொடுமை கட்டுக்கதையன்று. 1814 இல் எகலப்பொலவின் மனைவி மக்களைக் கொல்வித்தமையை எந்நியாயமும் மறைக்கமாட்டாது. அவன் தென்னிந்திய நாயக்கர் வழியினன் என்னும் பரிவால் அதனைக் குறைத்துப் பேசுதல், மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நமக்குத் தகாது.

ஆயினும், குற்றஞ் செய்தவன் அரசன் ஒருவன். மூன்றாம் பிரிவோ அவன் உறவினராகிய ஆடவர் அனைவரையும் பகைவர் என விதித்தது. கண்டி நாட்டினின்று வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனுமதியின்றி மீளலாகாது என்றும் விதித்தது. ஒருவன் மீறிய ஒப்பந்தத்துக்குப் பிறப்பால் அவனோடு சேர்ந்தவர் எங்ஙனம் பொறுப்பாளிகள் ஆவர்?

இனி, உடன்பட்டவர் யாவர்? கூடியிருந்தோர் கேட்டு நின்றனர்; குடிகளின் பேரால் கையிட்டோர் பிரதானிகளே. அரசன் பெப்ருவரி 18 இலேயே பிடிபட்டுவிட்டான். நகரிலே அந்நியர் படை நின்றது. அச்சத்தாற் பிறந்த உடன்பாடும் செல்லும் என்பார் ஹொப்ஸ். வெற்றி ஒன்றே ஆளும் உரிமை தாராது என்பார் லொக். அரசனை நீக்குதற்கு லொக்கின் நியாயமும், புதிய ஆட்சியை நாட்டுதற்கு ஹொப்ஸின் நியாயமும் அவ்வொரு பத்திரத்திலேயே துணைநின்றன என்பது எமது கருத்து.

இதனைப் பின்நிகழ்ச்சி காட்டிற்று. பிரதானிகளின் உரிமைகளையும் நாட்டு வழக்கங்களையும் காப்பதாக நான்காம் பிரிவு வாக்களித்தது; பௌத்த சமயத்தைக் காப்பதாக ஐந்தாம் பிரிவு வாக்களித்தது. 1817 இல் ஊவா, வெல்லச நாடுகளிலே கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்கிய தேசாதிபதி பிரவுன்றிக், 1818 நவம்பர் 21 இல் வெளியிட்ட பிரகடனத்தாற் பிரதானிகளின் அதிகாரத்தைப் பெரிதுங் குறைத்தார். மறுபடியும் கையொப்பம் வேண்டப்படவில்லை. கிளர்ந்தோரே முன்னர் மீறினர் என்பது அரசாங்கத்தார் நியாயம். அந்நியாயத்தைக் கேட்டுத் தீர்த்தற்கு இருதிறத்தார்க்கும் பொதுவாகிய நடுவர் எவரும் இலர்; வழக்காடியவரும் தீர்ப்புரைத்தவரும் ஒருவரே.