மேற்படி

முப்பத்திரண்டு வருஷம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடு எழுதியவன் நான். 2019-இல் ஓய்வு பெற்றேன். ஊர் காரைக்கால் கோவில்பத்து. காலையில் பார்வதீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போய், யாருக்கு யார் பிறந்தார், யாரை யார் கட்டிக்கொண்டார், யார் போய்ச் சேர்ந்தார் என்று எழுதுவது என் பிழைப்பு. கும்பிட்டதையும் எழுதியதையும் ஒரே மனசோடுதான் செய்தேன். அதனால், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வது சட்டத்தின் சமாச்சாரமா, சமயத்தின் சமாச்சாரமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது.

காரைக்காலில் இந்தக் கேள்வி புதிது இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு அது தெரியும். ஓரம் பொடிந்து உதிரும் தாள். சாய்வான எழுத்து. நம் ராமசாமியும் சின்னத்தம்பியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வேற்று ஆள்போல நிற்பார்கள். அந்தத் தாளில் ஓமம் இல்லை, மேளம் இல்லை. இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார், சாட்சி இன்னார், அவ்வளவுதான். மேளதாளம் எல்லாம் வேறு இடத்தில், வேறு நாளில் நடந்து முடிந்திருக்கும்.

1819-இலேயே பிரெஞ்சு நிர்வாகம் உள்ளூர்க்காரர்களை அவரவர் வழக்கப்படியே விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர் எழுதிக்கொடுத்துவிட்டு வரலாம் என்றது. அப்படி வந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். இன்றைக்கும் இந்து திருமணச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில், புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே கோவிலில் அர்ச்சனை செய்யும் இரண்டு குடும்பங்கள் இரண்டு சட்டத்தின்படி புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாம். சாமி ஒன்று, சட்டம் இரண்டு. அதனால் எந்தக் கோவிலும் இடிந்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1962 ஆகஸ்ட் 16-இல், பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பு கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, தாத்தா கல்யாணப் பதிவின் நகல் கேட்பார்கள். கட்டிக்கொண்ட அன்றைக்கு அந்தத் தாளை யாரும் ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள். அறுபது, எழுபது வருஷம் கழித்து அதுதான் ஒரு பையனின் படிப்பையும் பென்ஷனையும் நாட்டையும் தீர்மானிக்கிறது. 2013 மே 17-இல் பிரான்சு ஒரே பாலினத்தார் திருமணத்தைச் சட்டமாக்கியது. மணமக்கள் வசிக்கும் நாடு அதை அனுமதிக்காவிட்டால், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கட்டிக்கொள்ளலாம் என்றும் அந்தச் சட்டம் வழி வைத்தது. ஆக, தாத்தா 1962-இல் போட்ட ஒரு கையெழுத்தால் இந்த வீட்டுப் பையனுக்கு அந்தக் கல்யாணம் உண்டு. தாத்தா போடாத கையெழுத்தால் அடுத்த வீட்டுப் பையனுக்கு இல்லை. இரண்டு பையன்களுக்கும் காது குத்தியது ஒரே அம்பாள் சந்நிதியில். இதில் சமயம் எங்கே இருக்கிறது?

எங்கள் அம்பாளின் பெயர் சுயம்வர தபஸ்வினி. தனக்கானவரைத் தானே வரித்துக்கொள்ளத் தவம் இருந்தவள். சம்பந்தர் பாடிய தலம், அந்தக் காலத்தில் திருத்தெளிச்சேரி. கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் வந்து நிற்கும் சந்நிதி. அந்தப் பெயரைக் காட்டி, பார், சமயமே இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று நான் வாதாடப்போவதில்லை. அம்பாளை வக்கீலாக்கக் கூடாது. ஒரு குருக்களிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கன்னிகாதானம்னா பொண்ணைக் கொடுக்கறவர் ஒருத்தர், வாங்கிக்கறவர் ஒருத்தர். மந்திரம் அப்படித்தான் இருக்கு. அதை மாத்திச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் வாயில் வேறு மந்திரத்தைத் திணிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மாதாகோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து நடப்பது ஒரு அருட்சாதனம். பள்ளிவாசலில் நடப்பது மஹர் பேசிச் செய்யும் ஒப்பந்தம். அவரவர் வாசலில் யாரை ஏற்பது என்பதை அவரவர் சாஸ்திரமும் மனசாட்சியும் பேசித் தீர்க்கட்டும். அந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் வத்திக்கான், திருமணச் சடங்குபோலத் தோன்றாத வகையில் இப்படிப்பட்ட இணையருக்குக் குருமார் ஆசி வழங்கலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் இவர்கள் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்றது. சபை ஓர் அங்குலம் நகர்ந்த இடத்தில் அரசு நகரவில்லை.

அந்தத் தீர்ப்பை அச்செடுத்து வைத்துப் படித்தேன். 2023 அக்டோபர் 17. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றி வாசிக்கவும் மறுத்தார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்வதற்கு ஒரு சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் சந்திரசூட்டும் கவுலும். மற்ற மூவர் அதற்கும் உடன்படவில்லை. நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் தாலி கிடையாது, ஓமம் கிடையாது, ஓலை கிடையாது. முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி, ஒரு அதிகாரி. சமயத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதப்பட்ட சட்டம் அது. அந்த வாசலிலும் வந்து, கல்யாணம் புனிதமானது என்று மத்திய அரசு வாதாடியது. புனிதம்தான். வீட்டில் விளக்கேற்றும் எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தப் புனிதம் என் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் இருந்தது? நான் தேதியும் வயதும் முகவரியும்தான் எழுதினேன்.

அரசு சமயச் சடங்கில் கைவைக்காது என்பதும் உண்மை இல்லை. தமிழ்நாட்டில் ஐயரும் அக்கினியும் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு கல்யாணம் செல்லாது என்றது. அந்தத் தர்க்கப்படி அவர்கள் மனைவியர் மனைவியர் இல்லை, பிள்ளைகள் வாரிசுகள் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இனி நடப்பவை மட்டும் இல்லை, முன்பு நடந்தவையும் செல்லும் என்றார்கள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திப் பேரன் எடுத்தவர்கள் ஒரே நாளில் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள். சாஸ்திரம் ஒத்துக்கொண்டதா என்று யாரும் காத்திருக்கவில்லை. சாஸ்திரப்படி கட்டிக்கொள்ள விரும்பியவர்களை அது தடுக்கவும் இல்லை.

தூத்துக்குடியில் 2018 அக்டோபர் 31-இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோவிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவு அலுவலகம் எழுத மறுத்தது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சொல்லிப் பதியச் சொன்னார். நான் ஓய்வுபெற இருந்த வருஷம் அது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதியிருக்க மாட்டேன். மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு, நாளைக்கு வாங்க என்று சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் அதற்கு எட்டு வருஷம் முன்னால் அதைத்தான் செய்தேன்.

என் அப்பாவின் அக்கா, பெரியத்தை, டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1980-இல் ஒரு நர்ஸ் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். கொஞ்ச நாளில் மாடியும் கீழும் ஒரே வீடாயிற்று. நாங்கள் நர்ஸத்தை என்போம். முப்பத்தொரு வருஷம் ஒரே அடுப்பு. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். அதில் பால் கணக்கு. பெரியத்தை வாங்கிய நாள் நீல மையில், நர்ஸத்தை வாங்கிய நாள் சிவப்பு மையில். மாங்கனித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே கூடையில் மாம்பழம் வாங்கி, பிச்சாண்டவர் வரும்போது எங்கள் சித்தப்பா வீட்டு மாடியிலிருந்து வீசுவார்கள். காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கல்யாணத்தை வருஷா வருஷம் நடத்திப் பார்க்கும் ஊர் இது. அந்தக் கல்யாணம் முறிந்துபோன கதையும், கணவனே அவள் காலில் விழுந்த கதையும், இறைவன் அவளை அம்மையே என்று அழைத்த கதையும் இங்கே குழந்தைக்கும் தெரியும். இவர்கள் இரண்டு பேரும் யார் என்று மட்டும் நாங்கள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

2011-இல் பெரியத்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்புதல் படிவத்தில் "நோயாளிக்கு உறவு" என்ற இடத்தில் நர்ஸத்தை "கூட இருப்பவர்" என்று எழுதினார். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு, ரத்த சொந்தம் யாராவது வரட்டும் என்றார். நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வீட்டில்தான் உயிர் பிரிந்தது. நான் கொள்ளி வைத்தேன். வீடு சட்டப்படி அப்பாவுக்கு வந்தது. பதினாறாம் நாள் முடிந்து இரண்டு மாதத்தில் விற்றோம். உயில் இல்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. நர்ஸத்தை கேட்டது அந்தக் காலண்டரை மட்டும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் இப்படிப்பட்ட இணையருக்காக ஒரு குடும்ப உறவுப் பத்திரம் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னது. 2025 மே மாதம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கத் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்த இரண்டு மணி நேரம்தான் ஞாபகம் வருகிறது. அதை ஒரு குருக்களோ பங்குச் சாமியாரோ தந்திருக்க முடியாது. ஒரு குமாஸ்தா தந்திருக்க முடியும், அவன் கையில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால்.

பெரியத்தையின் இறப்பைப் பதிய நர்ஸத்தைதான் ஆபீசுக்கு வந்தார். ரேஷன் கார்டை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். என்ன உறவு என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பெரிய ஆபீசரைக் கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தார். எழுதினேன். பெயர், வயது 68. தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில், ஐம்பது வருஷம் முன்னால் இறந்துபோன என் தாத்தாவின் பெயர். தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் நர்ஸத்தையின் பெயர். அவர்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும் அரசாங்கத் தாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அடுத்த கட்டம், தகவல் தந்தவரின் முகவரி. இறந்தவர் முகவரியைத்தான் இரண்டு வரி மேலே எழுதியிருந்தேனே, அதே கதவிலக்கம், அதே தெரு. அதனால் வழக்கம்போல மேற்படி என்று போட்டேன்.