எதிர்க்காற்றும் பிறர் முதுகும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய மதில் போன்றது. அந்த மதிலில் இயற்கை அமைத்த பெரிய வாசல் ஒன்று உண்டு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் விரிந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக் கடலின் காற்று இவ்வழியாகக் கொங்கு நாட்டினுள் நுழைகிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதே வழியில் எதிர்த்து வீசுகிறது. கஞ்சிக்கோட்டிலும், எல்லைக்கு இப்பால் உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் சுழலும் காற்றாலைகள் இந்த வாசலின் கொடையால் இயங்குபவை.

மார்கழி மாதத்தில் பாலக்காட்டிலிருந்து வாளையாறு நோக்கிச் சைக்கிளில் செல்பவர் இந்தக் காற்றின் வலிமையை நன்கு உணர்வார். சமநிலத்தில் விரைந்து செல்லும்போது அவருடைய உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. முன்னால் செல்லும் மற்றொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றாலோ, ஏறக்குறைய கால் பங்கு உழைப்பு மிச்சமாகிவிடும். முன்னவர் காற்றைத் தாங்குகிறார். பின்னவர் அந்த மறைவில் இளைப்பாறியபடியே அதே வேகத்தில் செல்கிறார்.

சாதாரணமான இந்த உண்மையிலிருந்து ஆழ்ந்த கேள்வி ஒன்று எழுகிறது. வாழ்க்கையில் எந்தக் காற்றை மனிதன் தானே எதிர்கொள்ள வேண்டும்? எங்கே அவன் பிறருடைய முதுகின் பின்னால் ஒதுங்கலாம்?

விதி என்னும் விரதம்

நெடுந்தொலைவு டிரையத்லான் என்னும் போட்டி இந்தக் கேள்வியைத் தெளிவாகக் காட்டுகிறது. முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள் பயணம், இறுதியில் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். ஒரே நாளில், பெரும்பாலான இடங்களில் 17 மணி நேரத்திற்குள், 226 கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும். 1978-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் 'அயர்ன்மேன்' என்ற பெயரில் இது முதன்முதலாக நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். இந்தியாவில் இதன் பாதித் தொலைவுப் போட்டி 2019-ஆம் ஆண்டு கோவாவில் தொடங்கியது.

இதில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். அலுவலகம் செல்பவர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், வணிகர்கள். இவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. உரிய நேரத்தில் முடித்த அனைவருக்கும் ஒரே பதக்கம். முதலில் வந்தாலும் ஆயிரமாவதாக வந்தாலும் மறுநாள் காலை அவர்கள் வழக்கமான வேலைக்கே திரும்புகிறார்கள்.

இப்போட்டியின் சைக்கிள் பகுதியில் முக்கியமான விதி ஒன்று உண்டு. முன்னால் செல்பவருக்கும் பின்னால் வருபவருக்கும் இடையே 12 மீட்டர் தூரம் இருக்க வேண்டும். அவரை முந்திச் செல்லலாம். அவர் முதுகின் மறைவில் தங்கலாகாது. மீறியவர் 5 நிமிடம் நின்றுவிட்டுத்தான் தொடர முடியும். நடுவர்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றி வருகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் 180 கிலோமீட்டர் சாலை முழுவதையும் எவராலும் கண்காணிக்க இயலாது. பெரும்பாலான நேரம் அங்கே ஒரே நடுவர் அவரவர் மனச்சாட்சிதான்.

பிறர் பின்னால் ஒதுங்குவது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்கலாம். இதே போட்டியின் நீச்சல் பகுதியில் முன்னவரின் கால்களை ஒட்டி நீந்துவதற்குத் தடை இல்லை. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் அணித்தலைவனைக் காற்றிலிருந்து மறைத்துச் செல்வது ஒரு கலையாகவே போற்றப்படுகிறது. ஓட்டப் பந்தயத்திலும் அப்படியே.

இடுக்கி மாவட்டம் ராஜாக்காட்டை அடுத்த முல்லக்கானத்தில் பிறந்து, பாலக்காட்டில் ரயில்வே பணியில் இருந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். 2010-ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 10,000 மீட்டர் ஓட்டத்தை 31 நிமிடம் 50.47 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். வெள்ளி வென்ற நாசிக் வீராங்கனை கவிதா ராவத் ஒரு விநாடிகூட இடைவெளியின்றி அவருக்குப் பின்னால் வந்தார். அத்தகைய ஓட்டத்தின் 25 சுற்றுகளிலும் ஒருவர் பின் ஒருவர் ஓடுவது முறையானதே. அருகில் ஓடுபவரின் வேகம் மற்றவரை உயர்த்துகிறது.

ஆகவே, செயலில் குற்றம் இல்லை. குற்றம், கொடுத்த வாக்கை மீறுவதில் இருக்கிறது. உணவு உண்பது பாவமன்று. ஏகாதசி விரதம் ஏற்றவன் மறைவாக உண்பதே தவறு. அவன் ஏமாற்றுவது பசியையோ ஊராரையோ அன்று, தன்னையே. டிரையத்லான் வீரரும் 'என் காற்றை நானே தாங்குவேன்' என்று ஒப்புக்கொண்டுதான் புறப்படுகிறார். பரிசே இல்லாத போட்டியில் அதை மறைவாக மீறுபவர் வெல்வது எதை? எதை அறிவதற்காக அத்தனை தூரம் வந்தாரோ, அதை அறியும் வாய்ப்பையே இழந்து திரும்புகிறார்.

மேன்மை தரும் உதவி

அப்படியானால் உதவி பெறுவதே இழிவா? அதுவும் இல்லை. இதே போட்டியின் வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த ரிக் ஹாய்ட் பிறவியிலேயே மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவர்; நடக்கவோ பேசவோ இயலாதவர். அவருடைய தந்தை டிக் ஹாய்ட், மகனைப் படகில் வைத்துக் கயிற்றால் இழுத்தபடி நீந்தினார். தம் சைக்கிளின் முன்னிருக்கையில் அமர்த்தி ஓட்டினார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். 1989-ஆம் ஆண்டு ஹவாய் அயர்ன்மேன் போட்டியை இருவரும் இவ்வாறு முடித்தனர். அந்த 226 கிலோமீட்டரில் மகன் தந்தையின் பின்னால் ஒளிந்திருந்தார் என்று எவரேனும் சொல்ல முடியுமா? ஓட வேண்டும் என்ற விருப்பம் மகனுடையது, கால்கள் தந்தையுடையவை. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

2016-ஆம் ஆண்டு மெக்சிகோவின் கொசுமேல் தீவில், குறைந்த தொலைவு டிரையத்லான் ஒன்றில் மற்றொரு நிகழ்ச்சி. முதலிடத்தில் ஓடிய ஜானி பிரவுன்லி, எல்லைக்கோடு நெருங்கியபோது வெயிலின் கடுமையால் தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்த அவருடைய அண்ணன் அலிஸ்டர், தாம் வெல்லும் வாய்ப்பைக் கைவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கி இட்டுச் சென்றார். அதற்குள் தென்னாப்பிரிக்க வீரர் முந்தி வென்றார். எல்லைக்கோட்டில் அண்ணன் தம்பியை முன்னே தள்ளிவிட்டு மூன்றாமவராக நின்றார். அன்று அதை விதி அனுமதித்தது; பின்னர் அத்தகைய உதவியைத் தடை செய்து விதி மாற்றப்பட்டது.

விதியை மாற்றியவர்கள்மீது பிழை இல்லை. போட்டி நேர்மையாக நடக்க வரம்புகள் வேண்டும். ஆனால் இனி ஒருவர் அவ்வாறு தாங்கினால் அதற்கான விலையைத் தாமே கொடுத்தாக வேண்டும். விதி அவருடைய தகுதியை நீக்கலாம். செயலின் உயர்வை நீக்க முடியாது. திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளும் மறைவு மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது. அன்போடு வெளிப்படையாகக் கொடுக்கப்படும் தோள், கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் உயர்த்துகிறது.

வீட்டில் வீசும் காற்று

இங்கே இன்னும் நுட்பமான சோதனை ஒன்று காத்திருக்கிறது. இத்தகைய போட்டிக்குப் பல மாதப் பயிற்சி தேவை. வேலைக்குச் செல்பவர் அதற்கான நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்? விடிவதற்கு முன் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குழந்தையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புபவர் யார்? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் சாலையில் இருக்கும்போது முதிய தாயாருக்கு மருந்து கொடுப்பவர் யார்? சாலையில் 12 மீட்டர் விதியை அணுவளவும் பிசகாமல் காப்பவர், வீட்டில் ஆண்டுக்கணக்காக மனைவியின் முதுகின் பின்னால் ஒதுங்கியிருக்கக்கூடும். அங்கே நடுவரும் இல்லை, தண்டனை நிமிடங்களும் இல்லை. பதக்கம் மட்டும் ஒருவர் கழுத்தில் விழுகிறது.

இது விளையாட்டு வீரருக்கு மட்டும் உரிய குறை அன்று. அதிகாலையில் தியானத்தில் அமர்பவரும், நூல் எழுதுபவரும், ஊர்ப்பணிக்காக ஓடுபவரும் இதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களே. ஒருவருடைய தவத்துக்கான நேரத்தை மற்றொருவர் தம் உறக்கத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். திருவள்ளுவர் தவத்தின் வடிவத்தைக் கூறும்போது, தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதோடு நிறுத்தவில்லை. பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் அதனோடு சேர்த்தே வைத்தார். முதல் பாதியை மட்டும் பயில்பவரின் தவம் பாதித் தவமே.

இடுக்கியின் எல்லை மலைகள் இதைவிடவும் கடுமையான உண்மையைக் காட்டுகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. மலையேற்றப் பயிற்சிக்கு விரும்பத்தக்க பாதை. அதே பாதையில் நாள்தோறும் காலையில் தேனி மாவட்டத்துப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். சரிவில் குனிந்து நாள் முழுவதும் காய் பறித்து, மாலையில் இறங்கி, அடுப்பு மூட்டுகிறார்கள். மூணாறு தேயிலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களும் அத்தகையவையே. அவர்களுடைய தாங்கும் ஆற்றலை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. அது அவர்கள் விரும்பி ஏற்றதும் அன்று.

துன்பம் தன்னளவில் புண்ணியம் ஆகிவிடாது என்பதை அவர்களுடைய வாழ்வு நினைவூட்டுகிறது. விரும்பித் துன்பத்தை ஏற்பதே ஒரு வசதி. ஓய்ந்த உடலும், உண்ண உணவும், திரும்ப வீடும் உள்ளவருக்கே அது கிட்டும். இதை அறிந்தவருக்குத் தம் சாதனையில் செருக்கு வராது. தம் உடல்வலி பிறருடைய வலியை அறியும் கண்ணாக மாறும். அப்படி மாறவில்லையெனில், 226 கிலோமீட்டர் கடந்தும் அவர் தம்மைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

முறை மாற்றுதல்

இதற்கு வழி என்ன? பயிற்சியை விட்டுவிடுவதா? தேவையில்லை. சைக்கிள் ஓட்டுபவர்களிடமே அழகிய வழக்கம் ஒன்று உண்டு. பயிற்சியின்போது பலர் சேர்ந்து எதிர்க்காற்றில் செல்கையில், முன்னால் இருப்பவர் சிறிது நேரம் காற்றைத் தாங்கியபின் ஒதுங்கிப் பின்னால் வருகிறார். அடுத்தவர் முன்னே செல்கிறார். எல்லோரும் ஒதுங்குகிறார்கள், எல்லோரும் தாங்குகிறார்கள். தன் முறை வரும்போது முன்னே செல்லத் தயங்குபவரை அக்கூட்டம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது.

இல்லறமும் சமுதாயமும் இவ்வாறே நடைபெற வேண்டும். பிறர் தரும் மறைவைப் பெறலாம். ஆனால் கேட்டுப் பெற வேண்டும், நன்றியோடு பெற வேண்டும், தன் முறையில் முன்னே சென்று திருப்பித் தர வேண்டும். கணவரின் பயிற்சிக்காக ஆறு மாதம் வீட்டைத் தாங்கிய மனைவிக்கும் ஏதோ ஒரு கனவு இருக்கும். போட்டி முடிந்த மறுநாளே அவருடைய முறை தொடங்க வேண்டும்.

ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஒரு மரபு நிலவுகிறது. பகலிலேயே வெற்றி பெற்றவர்கள் ஓய்வெடுத்தபின், நள்ளிரவு நெருங்கும்போது எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். கடைசி நிமிடங்களில் தள்ளாடி வந்து சேர்பவர்களைக் கைதட்டி வரவேற்கிறார்கள். முதலில் முடித்தவருக்கு உறங்கும் உரிமை உண்டு. ஆயினும் அவர் விழித்திருந்து, கடைசியாக வருபவருக்காக நிற்கிறார். எவ்வளவு விரைவாக எல்லையை அடைந்தோம் என்பதோடு, அடைந்தபின் யாருக்காக அங்கே நின்றோம் என்பதையும் சேர்த்து அளந்தால்தான் ஒரு மனிதனின் வலிமை முழுமையாகத் தெரியும்.